சின்ன எழுத்தில் போன நம் பாடசாலையின் பெயர்

எனக்குத் தம்பி மனைவியாக வருவதற்கு முன்பே பக்கத்து மேசைக்காரியாக வந்துவிட்ட என் புஷ்பா,

நீ போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மழை விட்டபாடில்லை. அலுவலக அறையில் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தெம்பு வர எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

முதலில் இங்குள்ள நிலவரம். உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஐந்து தரங்களுக்கு மூன்று பேர் இருக்கிறோம். அதிபர் மாற்றலாகிப் போனதும் பொறுப்பு அதிபர் என்ற பெயர் எனக்கு வந்தது. பெயர் வந்ததே தவிர பாடவேளை ஒன்றுகூடக் குறையவில்லை. முதலாம் தரத்தையும் இரண்டாம் தரத்தையும் ஒன்றாக உட்கார வைத்துப் படிப்பிக்கிறேன். இடையில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிக்கை எங்கே, இந்தப் படிவம் எங்கே, இன்று பன்னிரண்டு மணிக்குள் வேண்டும் என்று.

இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஒரே செய்தியில் மேலே தரம் 3 என்று இருக்கும், நடுவில் மூன்றாம் ஆண்டு, கீழே வகுப்பு 3. தலைப்பில் வலயக் கல்வி அலுவலகம், கையொப்பத்தில் வலயக் கல்விப் பணிமனை. நீ இருந்திருந்தால் சிவப்புப் பேனையைத் தேடியிருப்பாய். நான் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் இந்தப் பாடசாலைக்கு வந்தோம். ஆறு வருடம் கழித்து என் தம்பி சந்திரனுக்கு உன்னைக் கேட்டு உன் வீட்டுப் படி ஏறியவள் நான்தான். அதற்குப் பிறகு வீட்டில் என்னை மதினி என்றாய், பாடசாலையில் டீச்சர் என்றாய். ஒருநாளும் இரண்டையும் மாற்றிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் நான் உன்னை "ஏடி" என்று கூப்பிட்டுவிட்டால், சாயங்காலம் வீட்டுக்கு வந்து முறைப்பாடு செய்வாய்.

எழுத்திலும் நீ அப்படித்தான். அலுமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டினாய். தரம் என்று ஆரம்பித்தால் கடைசி வரை தரம். பாடசாலை என்று ஆரம்பித்தால் இடையில் பள்ளிக்கூடம், கலாசாலை என்று போகக் கூடாது. அதிபர் என்றால் அதிபர், தலைமை ஆசிரியர் இல்லை. நாங்கள் சிரித்தோம். அலுமாரிக்குப் பெயின்ட் அடித்தபோது அந்தத் தாளைக் கிழித்தெடுத்தார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் கண்டிப்பு. பொதுவாகப் பாடசாலை என்று சொன்னால் சின்ன எழுத்து. நம் பாடசாலையின் பெயரைச் சொன்னால் ஒவ்வொரு சொல்லுக்கும் முதலெழுத்து கெப்பிட்டல். ஒருநாள் நான் சலித்துக்கொண்டு, தமிழில் இல்லாத தொல்லை இது என்றேன். நீ பேனையை வைத்துவிட்டுச் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நம்ம எழுத்துல பெரிசு சிறிசு இல்லதாங்க டீச்சர். ஆனா அவங்க எழுத்துல இருக்கு. பேரைச் சின்ன எழுத்துல போட்டா, அது பேர் இல்லன்னு நெனச்சுக்குவாங்க."

உனக்கு ஏன் அந்த அக்கறை என்று அப்போது நான் யோசிக்கவில்லை. டன்ரோஸ் தேயிலைத் தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று இரண்டு பிரிவு. இரண்டிலும் பாடசாலை உண்டு. அரசாங்கம் எடுப்பதற்கு முன் தோட்டப் பாடசாலைகள், பிறகு தமிழ் வித்தியாலயங்கள். மேல்கணக்கில் இருப்பதால் நம்முடையது மேற்பிரிவுத் தமிழ் வித்தியாலயம். பெயர்ப்பலகையில் ஒரு பெயர், ரப்பர் சீலில் ஒரு பெயர், ஊர்வாயில் ஒரு பெயர். இது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். வெளியில் இருந்து தாளை மட்டும் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

நீ வைத்தியசாலையில் கிடந்த கடைசி வாரம், கட்டிலில் தொங்கிய அட்டையில் உன் பெயரையே இரண்டு விதமாக எழுதியிருந்தார்கள். நான் காட்டினேன். நீ பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். திருத்தச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கிருஷாந்தியை உனக்குத் தெரியும். கொழுந்து எடுக்கிற கமலத்தின் மகள். ஐந்தாம் தரம் வரை நம்மிடம் படித்துவிட்டு மஸ்கெலியாவுக்குப் போன பிள்ளை. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. கல்வியியற் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. முதலாம் தரத்தில் இருந்து படித்த எல்லாப் பாடசாலைக்கும் அத்தாட்சி காட்ட வேண்டும். இங்கிருந்து விலகும்போது நீ எழுதிக் கொடுத்த விடுகைப் பத்திரம் அவளிடம் இருந்தது. அதோடு அதிபரின் கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் வேண்டும் என்று வந்து நின்றாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரம். மூன்றாம் தரத்துப் பிள்ளை ஒன்று வாந்தி எடுத்திருந்தது. வலயத்தில் இருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. கடிதத் தலைப்புத் தாள் முடிந்திருந்தது. வெள்ளைத் தாளை இழுத்து, நின்றுகொண்டே எழுதினேன். இந்தப் பிள்ளை டன்ரோஸில் உள்ள தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டு வரை படித்தார் என்று ஆங்கிலத்தில் மூன்று வரி. தோட்டமும் பாடசாலையும் சின்ன எழுத்தில். தரம் என்று போடவில்லை, ஆண்டு என்று போட்டேன். சீல் ஈரத்தில் கலங்கிப் பெயர் தெரியவில்லை. இன்னொரு தடவை குத்தியிருக்கலாம். குத்தவில்லை.

இது நீ போய் எட்டு மாதம் கழித்து நடந்தது. இதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள்.

நேர்முகத் தேர்வு நுவரெலியாவில். கமலம் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். அவளுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது என்பதால் நானும் கூடப் போனேன். ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். நானுஓயா தாண்டும்போது கிருஷாந்தி தன் கோப்பை மூன்றாவது தடவையாகத் திறந்து தாள்களை எண்ணினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத் தூக்கம் போதவில்லை.

உள்ளே போன பிள்ளை பத்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள அம்மா, என் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். விடுகைப் பத்திரத்தில் ஒரு வித்தியாலயத்தின் பெயர் இருக்கிறது, உங்கள் கடிதத்தில் பெயரே இல்லை, தோட்டத்தில் உள்ள ஏதோ ஒரு பாடசாலை என்றுதான் இருக்கிறது என்றார். எங்கள் பட்டியலில் அந்தத் தோட்டத்துக்கு இரண்டு பாடசாலை இருக்கிறது, இது அதில் ஒன்றா, இல்லை தோட்ட நிர்வாகம் தானாக நடத்துகிற ஒன்றா என்று கேட்டார். ஒன்றில் தரம் ஐந்து, மற்றதில் ஆண்டு ஐந்து, இரண்டும் ஒன்றுதானா என்றும் கேட்டார். இரண்டு தாளும் ஒரே பிள்ளையைப் பற்றியவை என்று நான் எதை வைத்து நம்புவது என்று அவர் கேட்டபோது, அவர் குரலில் கோபம் இல்லை.

கிருஷாந்தி என் முகத்தைப் பார்த்தாள். வாசலில் நின்ற கமலமும் பார்த்தாள்.

நான் வாயைத் திறந்து பொய் சொன்னேன், புஷ்பா. இந்தக் கடிதத்தை எழுதியது எங்கள் பாடசாலையில் ஆவணங்களைப் பார்த்துக்கொண்ட டீச்சர், நான் அவசரத்தில் கையொப்பம் மட்டும் போட்டேன் என்றேன். அவரை வரச் சொல்ல முடியுமா என்று அந்த அம்மா கேட்டார். அவர் காலமாகிவிட்டார் என்றேன். உன் பெயரையும் சொன்னேன். இறந்து எட்டு மாதம் ஆனவளை எழுந்து வந்து ஒரு பிழையான கடிதம் எழுத வைத்தேன்.

அந்த அம்மாவின் முகம் இளகிவிட்டது. அனுதாபம் சொன்னார். வியாழக்கிழமைக்குள் சரியான பெயரோடு புதிய கடிதம் கொண்டுவாருங்கள், பழைய கடிதம் காலமான ஆசிரியையால் பிழையாக எழுதப்பட்டது என்பதையும் அதில் எழுதிக் கையொப்பம் போடுங்கள் என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பி வரும்போது கமலம் பஸ்ஸில் தூங்கிவிட்டாள். கிருஷாந்தி எனக்குப் பக்கத்தில். தலவாக்கலை தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், அந்தக் கடிதம் நீங்க எழுதுனதுதானேங்க. நான் மேசைக்குப் பக்கத்துலயே நின்னேன்."

நான் கைப்பையின் வாரைச் சரிசெய்தேன்.

"புஷ்பா டீச்சர்னா ஸ்கூல் பேரைச் சின்ன எழுத்துல எழுதியிருக்க மாட்டாங்க."

உனக்கு இடம் கிடைக்கட்டும், அதுவரைக்கும் ஒன்றும் பேசாதே என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பியவள் ஹட்டன் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. ஒரு பிள்ளையை வாத்தியார் வேலைக்கு அனுப்புகிற பயணத்தில் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்.

கிருஷாந்தி பேசவில்லை. கமலம் பேசிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வாசலில் நின்று அரைகுறையாகக் கேட்டதை, மறுநாள் காலையில் கொழுந்து மலையில் கூட நின்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். புஷ்பா டீச்சர் தப்பாக எழுதிவிட்டுப் போனதால் என் மகளுக்கு இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று. கொழுந்து நிறுக்க வந்த இடத்தில் அது ஃபெக்டரி ஆட்களின் காதில் விழுந்தது. ஃபெக்டரியில் வேலை செய்கிறவன் யார் என்பது உனக்குத் தெரியும்.

பதினொரு மணிக்குச் சந்திரன் வந்தான். வேலை உடுப்போடு, தலையில் தேயிலைத் தூள். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்துப் பிள்ளைகளை வெளியே விளையாட விட்டேன். அவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான்.

"அக்கா, புஷ்பா ஏதோ தப்பா எழுதிட்டாளாமே. மலையில பேசிக்கிறாங்க."

நான் நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"தப்பா இருந்தா பரவால்லங்க. அந்தத் தாளை ஒருக்காக் காட்டுங்க. அவ எழுத்தப் பாத்து ரொம்ப நாளாச்சு."

அவன் திட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். என்னால் என்ன செய்ய முடியும், சொல்லு? மேசை லாச்சியில் கிருஷாந்தி எடுத்துத் தந்த அந்தக் கடிதத்தின் போட்டோக் கொப்பி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஆங்கிலம் அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் அவன் படிக்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்தான். சின்ன வயதில் அவனுக்கு வீட்டுப் பாடக் கணக்கு எழுதிக் கொடுத்தவள் நான். என் எழுத்து அவனுக்குத் தெரியாதா?

"இது ஒங்க எழுத்து" என்றான்.

ஆமாம் என்றேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன். அந்த அம்மாவிடம் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்று. களைத்துப் போயிருந்தேன் என்றேன். அது உண்மைதான், ஆனால் அது போதாது என்று சொல்லும்போதே தெரிந்தது.

அவன் தாளை மடித்து மேசையில் வைத்தான்.

"செத்தவ வந்து இல்லன்னு சொல்ல மாட்டாதானே, அக்கா."

நான் அலுமாரியைத் திறந்து சேர்வு இடாப்பை எடுத்தேன். பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெயர் எழுதுகிற பெரிய புத்தகம். பதினேழு வருடம் அதை எழுதியவள் நீ. திறந்து அவனுக்கு முன்னால் வைத்தேன். அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டான். பக்கம் பக்கமாகப் புரட்டினான். எல்லாப் பக்கத்திலும் தரம் 1, தரம் 1, தரம் 1 என்று ஒரே மாதிரி. ஒரு பக்கத்தில் உங்கள் மகளின் பெயர் இருந்தது. அங்கே வெகுநேரம் நின்றான். இடைவேளை மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டான்.

அன்று பின்னேரம் புதிய கடிதம் எழுத உட்கார்ந்தேன். நம் பாடசாலையின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று எனக்கே நிச்சயமில்லை. இருபத்தைந்து வருடம் வேலை செய்த இடம். கோப்புகளைக் கிளறினேன். உன் கோப்பு ஒன்று கிடைத்தது. எப்போதோ நீ வலயத்துக்கு எழுதிக் கேட்டு, பதிவிலுள்ள பெயரை மூன்று மொழியிலும் வாங்கி வைத்திருக்கிறாய். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாயோ என்னவோ, நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

அதைப் பார்த்து எழுதினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் முதலெழுத்து கெப்பிட்டல். தரம் 5. பிறகு கடைசிப் பந்தி. முந்திய கடிதத்தை எழுதியது நானே, காலமான ஆசிரியைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நேர்முகத் தேர்வில் நான் சொன்னது உண்மையல்ல. இந்த மூன்று வரியை எழுத நாலு தாள் கிழித்தேன். எழுதாமல் விட்டாலும் பிள்ளையின் காரியம் நடந்திருக்கும் என்று தெரியும். நீ எப்போது இறந்தாய் என்று யாரும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதுவும் தெரியும்.

வியாழக்கிழமை அந்த அம்மா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிள்ளையின் கோப்பு சரி, ஆனால் இந்தக் கடிதத்தை நான் மறைத்து வைக்க முடியாது, ஒரு பிரதி வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் என்றார். போகட்டும் என்றேன். செவ்வாய்க்கிழமை அவர் காட்டிய அந்த இளகின முகம் இன்று இல்லை. அதை நான் ஏமாற்றித்தான் வாங்கியிருந்தேன்.

முதல் பட்டியலில் கிருஷாந்தியின் பெயர் வரவில்லை. அது என் கடிதத்தால்தானா, பரீட்சைப் புள்ளியாலா என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை. இரண்டாவது பட்டியலில் வந்தது. ஆங்கிலப் பாடத்துக்குப் போக ஆசைப்பட்ட பிள்ளைக்கு ஆரம்பக் கல்விதான் கிடைத்தது. போன மாதம் போய்விட்டாள். போவதற்கு முந்தின நாள் பாடசாலைக்கு வந்து, என் காலில் விழாமல், கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, பிறகு எச்சரிக்கை. தை மாதம் புதிய அதிபர் வருகிறார். நான் பழையபடி வகுப்புக்குப் போகிறேன். வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால், வருத்தப்படவும் தெம்பு இல்லை. அதற்குள் பெயர்ப்பலகையை மாற்றி எழுதவைத்தேன், புதிய சீலும் செய்தாயிற்று. பழைய இடாப்புகளில் நான் எழுதிய பக்கங்களைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபார்க்கிறேன். ஆண்டு, வகுப்பு, தரம் என்று என் கை போன போக்கெல்லாம் அதில் இருக்கிறது. உன் பக்கங்களைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் மலையில் போன பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அது தப்பான செய்தி என்று கமலத்திடம் சொன்னேன். நல்லதுங்க டீச்சர் என்றாள். நாலு பேரிடம் சொல்வாள் என்று நினைத்தேன். மகளுக்கு இடம் கிடைத்த பிறகு அவளுக்கு அது ஞாபகத்தில் இல்லை. போன வாரம்கூடக் கடையில் ஒரு பெண், பாவம், புஷ்பா டீச்சர் கடைசிக் காலத்தில் முடியாமல் எழுதியிருப்பாங்க என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

இன்னொன்று. சந்திரன் என்னோடு பேசாமல் இல்லை. தீபாவளிக்கு மகளிடம் பலகாரம் கொடுத்தனுப்பினான். வழியில் கண்டால் நின்று பேசுகிறான், குடையைக் கொடுக்கிறான். ஆனால் அன்றைக்குப் பிறகு அவன் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. டீச்சர் என்கிறான். "மழை வருது, பாத்துப் போங்க டீச்சர்." அவ்வளவுதான். வேறு யார் காதுக்கும் அதில் ஒன்றும் தெரியாது.

வருகிற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். கமலம் வருவாள். மலையில் பேசினவர்கள், கடையில் ஆறுதல் சொன்னவள் எல்லோரும் வருவார்கள். சந்திரனையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் வந்தாலும் வராவிட்டாலும், நான் எழுந்து நின்று, கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி உன் முழுப் பெயரைச் சொல்வேன். அந்தக் கடிதத்தை எழுதினது நான், பழியை உங்கள் டீச்சர் மேல் போட்டதும் நான் என்று சொல்வேன். சொல்லாமல் அன்று வீட்டுக்குத் திரும்ப மாட்டேன், புஷ்பா. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அதற்குப் பிறகு அவன் என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

நீ வேண்டாம் என்று சொல்லும்வரை
உன் மதினி,
தவமணி